வாசலில் வரைந்த அம்புக்குறி

அறுபதுகளின் கடைசியில், கண்டனூர் சாரணர் முகாமுக்கு நான்தான் பொறுப்பாசிரியர். வழிகாட்டும் அம்புக்குறிகளைக் கற்களால் அமைக்காமல், அவசரத்தில் வீட்டு வாசல்களில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்துவிட்டேன். அவற்றைப் பார்த்து நடந்து ஆறு மணிக்குக் கூடாரம் திரும்ப வேண்டிய ஆறு மாணவர்கள் ஆறரைக்கும் வரவில்லை. பக்கத்தில் கண்மாய் நிறைந்து கிடந்தது.

தேடி ஓடினேன். மூன்றாவது வாசலில் குறி இல்லை. தண்ணீர் தெளித்து ஒரு பெண் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்புக்குறியை அழிச்சது நீங்களா?” என்று கத்தினேன்.

“விளக்கு வைக்கிற நேரம் வாசல் தெளிக்க மாட்டாகளா? எதுக்குச் சார் கத்துறீக? வழி தெரியாம கண்மாய்ப் பக்கம் போன பிள்ளைகளக் கூப்பிட்டு உள்ள உக்கார வச்சிருக்கேன். இடியாப்பம் திங்குதுக.”

என் வீட்டிலும் தினமும் தெளிக்கும் வாசல்தான்.

அன்று நாட்குறிப்பில், ‘குறி அழிக்கப்பட்டது’ என்று எழுதினேன். மறுநாள் அதை அடித்துவிட்டு, ‘தவறு என்னுடையது. மாணவர்களைக் காத்தவர்:’ என்று எழுதினேன். பெயரைக் கேட்காமல் வந்ததால், அந்த வரி இன்றும் முடியவில்லை.