மாத்திரை அட்டையில் ஓர் உப்பளம்

என் அண்ணி அம்சவல்லி வாழ்நாளில் போன அதிகபட்ச தூரம் சென்னை. அதுவும் அவளுடைய அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது. நான் கப்பலில் வேலை பார்த்தவள். பயணிகளின் அறைகளைக் கூட்டிப் பெருக்கி, படுக்கை விரிப்பு மாற்றும் வேலைதான். ஆனாலும் வட்டக் கண்ணாடிக்கு வெளியே எத்தனையோ துறைமுகங்களைப் பார்த்திருக்கிறேன். இருந்தும் ஊர் திரும்பிய மறுநாளே அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

காரணம் ஓர் ஊர். பழைய அட்டையில் செய்த ஊர்.

ஐப்பசி மழை இறங்கினால் மரக்காணத்தில் உப்பளம் மூழ்கிவிடும். பாத்திகளின் வரப்பெல்லாம் மறைந்து ஒரே ஏரியாகத் தெரியும். தை பிறக்கும்வரை அங்கே யாருக்கும் வேலை இல்லை. அந்த மாதங்களில் எங்கள் வீட்டின் பக்கத்து அறையில் அம்சவல்லி ஓர் உப்பு மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டுவாள். உப்பு வராது; ஒரு வருடத்துக் குப்பை வரும். பால் பாக்கெட், தீப்பெட்டி, பேனா மூடி, அறுந்த செருப்பு, பேஸ்ட் டப்பா, பழைய கல்யாணப் பத்திரிகை, உடைந்த வளையல். அவளைச் சுற்றி அவளுடைய மகள்கள் தமிழ்நிலாவும் சரண்யாவும் உட்காருவார்கள். என் அண்ணன் சகாதேவன் கத்தரிக்கோலோடு உட்காருவான். என் அம்மா மைதா காய்ச்சிப் பசை கிண்டித் தருவாள். சின்ன வயதில் நான் ஒரு காகிதக் கப்பல் கேட்டால் “போடி, வேலை இருக்குது” என்று விரட்டிய அதே அம்மா.

நான் பார்த்தபோது அந்த ஊர் இரண்டு பெரிய அட்டைகளில் வளர்ந்திருந்தது. ஓர் அட்டையில் நீல ஷாம்பு கவர்களை ஒட்டிய கடல், கடலோரம் தீப்பெட்டி வீடுகள், ஈசிஆர் சாலை, பேஸ்ட் டப்பாவில் ஜன்னல் வெட்டிய பஸ். இன்னோர் அட்டை முழுவதும் தின்று முடித்த மாத்திரைகளின் வெள்ளி அட்டைகள், வரிசை வரிசையாக. அதுதான் உப்பளம். ஒவ்வொரு குழியும் ஒரு பாத்தி.

சென்னையில் இறங்குவதற்கு முன் விமானத்தின் ஜன்னலில் ஏதோ ஓர் உப்பளம் கீழே இப்படித்தான் மின்னியது. அந்தக் காட்சியை ஊரில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

“அண்ணி, இது உங்களுக்கு எப்படித் தெரியும்? பிளேன்லேர்ந்து பார்த்தா அப்படியே இப்படித்தான் இருக்குது.”

“போன்ல மேப்பு இருக்குது இல்ல? விரல வச்சி இழுத்தா தெரியுது. அதுக்கு எதுக்கு பிளேனு?”

அண்ணன் சிரித்தான். குழந்தைகள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அம்சவல்லி இந்தக் கரையில் பிறந்தவள் இல்லை. திண்டிவனத்துக்கு உள்ளே, மணிலாக்கொட்டை விளையும் கிராமம் அவளுடையது. கல்யாணமாகி வந்த முதல் வருடம் உப்புத் தண்ணீரில் நின்று பாதம் வெடித்து, நடக்க முடியாமல் அழுதிருக்கிறாள். “எங்க ஊர்ல நெலம்னா ஒரே நெலம். இங்க இன்னா பொட்டி பொட்டியா வெட்டி வச்சிருக்கீங்க” என்று அண்ணனிடம் சண்டை போட்டிருக்கிறாள். அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல். தலைமாட்டில் கிடந்த காலி மாத்திரை அட்டையை எடுத்து அண்ணன் அவளுக்கு விளக்கியிருக்கிறான். இந்தக் குழியில் கழிமுகத் தண்ணீர் வந்து நிற்கும், இதில் வெயில் பட்டு இறுகும், இதில்தான் உப்பு பூக்கும் என்று. அவள் அந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கம் ஒட்டி, பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து “இது நம்ம வூடு” என்றாளாம். தமிழ்நிலா பிறந்து தவழ ஆரம்பித்த பிறகு அந்த ஊருக்குத் தெருக்கள் வந்தன.

அவளைப் பெரிய தேவதை என்று நினைத்துவிட வேண்டாம். குப்பை விஷயத்தில் அவளுக்கு வெட்கமே கிடையாது. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் விசாரிக்கப் போவாள்; திரும்பும்போது கையில் மாத்திரை அட்டை இருக்கும். எதிர்வீட்டு வேலம்மாள் ஒரு நாள் வாசலில் நின்று கத்தினாள்.

“ஏம்மா அம்சா, கல்யாணம் இன்னும் நடக்கவே இல்ல, அதுக்குள்ள பத்திரிகைய செவுத்துலேர்ந்து பிச்சிக்கினு போயிட்டியே! மண்டபம் எதுன்னு நான் யாரக் கேப்பேன்?”

“எங்க ஊர்ல மாதா கோயிலுக்கு செவுரு வச்சிருக்கேன் பாரு, அதுல எழுதியிருக்குது. வந்து படிச்சிக்கோ.”

வேலம்மாள் உண்மையிலேயே வந்து, குனிந்து, அட்டைக் கோயிலின் சுவரில் மண்டபத்தின் பெயரைப் படித்துவிட்டுப் போனாள்.

நான் வந்ததால் அம்சவல்லிக்கு ஒரு நஷ்டம் நேர்ந்தது. அம்மா பக்கத்து அறையை எனக்குக் கொடுத்துவிட்டாள். அதுவரை அட்டை ஊர் அந்த அறையின் கட்டில் மேல் இருந்தது. என் பெரிய சக்கரப் பெட்டியும் நானும் கட்டிலைப் பிடித்துக்கொண்டதும் ஊர் கட்டிலுக்குக் கீழே தரைக்குப் போனது. அண்ணி தினமும் காலையில் என் பெட்டியைத் துணியால் துடைப்பாள். துடைத்துவிட்டு அறைக்குள்ளேயே இரண்டு முறை உருட்டிப் பார்ப்பாள்.

“எத்தினி ஊரு பாத்திருக்கும் இது?”

“நிறைய.”

“ஒடஞ்சா சொல்லு. ரெண்டு பக்கமும் நல்லா ஆழமா இருக்குது. நம்ம ஊர இதுல வச்சிட்டா எலி வராது.”

“இது உடையாது அண்ணி. நான் திரும்பப் போகணும்” என்றேன். போக வேண்டும் என்று அப்போது நான் முடிவு செய்திருக்கவில்லை. பெட்டி என்னுடையது என்று சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஊரில் மனிதர்களும் இருந்தார்கள். ஐஸ் குச்சியில் உடம்பு, சட்டைப் பட்டனில் தலை. அம்மா பொம்மைக்கு அம்மாவின் பழைய சேலைத் துண்டு, அண்ணன் பொம்மைக்கு அவனுடைய லுங்கி, பிள்ளைகளுக்குப் போன வருடத்துச் சீருடை. அம்சவல்லி நீலப் பூப்போட்ட சேலையில், தலையில் சோடா மூடிக் கூடையோடு உப்பளத்தில் நின்றாள். டீக்கடை மாயவனுக்குக்கூட அவருடைய கடைத் துண்டிலிருந்து ஒரு கிழிசல். தெருநாய்க்குச் சரண்யாவின் சாக்ஸ். நான் ஒவ்வொரு தெருவாகத் தேடினேன்.

“நான் எங்கே?”

“நீங்கதான் ஊர்லயே இல்லியே அத்த” என்றாள் சரண்யா.

“உன் துணி ஒண்ணுகூட இங்க இல்லம்மா. எல்லாத்தையும் எடுத்துக்கினு போயிட்ட. எதுல செய்யறது?” என்றாள் அண்ணி.

நான் உடனே பெட்டியைத் திறந்து, ஏதோ ஒரு துறைமுகக் கடைத்தெருவில் ஆசையாக வாங்கிய சிவப்புத் துப்பட்டாவை எடுத்து நீட்டினேன். அவள் அதைத் தடவிப் பார்த்தாள், முகத்தில் வைத்துப் பார்த்தாள், மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“புதுசு ஆவாது பிரியா. இந்த வூட்டுல கட்டி, இங்க தேஞ்சி, இங்கியே கிழியணும். அதான் கணக்கு.”

சொந்த வீட்டில், நான் பிறந்த வீட்டில், வெளியிலிருந்து வந்தவள் எனக்குச் சட்டம் சொல்கிறாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் புதுச்சேரிக்குப் போய், மினுமினுக்கும் தாள், வண்ணக் களிமண், பளபளப் பொடி, தானாக ஒட்டும் நட்சத்திரம் என்று ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். “வாங்க, நாம வேற ஊர் செய்யலாம். கப்பல், லைட் ஹவுஸ், பனிமலை எல்லாம் வைக்கலாம்” என்று குழந்தைகளை என் பக்கம் இழுத்தேன். ஒரு மத்தியானம் முழுக்க என்னோடு இருந்தார்கள். பனிமலை நன்றாகவே வந்தது. மாலையில் களிமண் தீர்ந்தது. தமிழ்நிலா கேட்டாள், “அத்த, இந்த ஊர்ல யாரு இருக்காங்க?”

நான் பனிமலையின் உச்சியில் இன்னொரு நட்சத்திரத்தை ஒட்டினேன். அவர்கள் மெதுவாக நழுவித் தங்கள் அம்மாவிடம் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் சிவப்புத் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் போனேன். கல்லின் சொரசொரப்பான முனையில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன். ஓரத்தில் நூல் பிரிய ஆரம்பித்தபோது பின்னால் சரண்யாவின் கூச்சல் கேட்டது.

“அம்மா! அத்த துப்பட்டாவ கல்லுல தேச்சி பழசாக்கறாங்க! அழுகுணி ஆட்டம்!”

அம்சவல்லி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். சிரிப்பை அடக்குவதற்கு அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

“கல்லுல வச்சி தேச்சா பழசாவுமா? தையில வந்து எங்களோட தர இறுக பாத்தி மிதி. மாசியில உப்பு தூக்கு. துணி இன்னா, தோளே கிழிஞ்சிடும். தாராளமா எடுத்துக்கறேன்.”

“உங்களுக்கு என் மேல பொறாமை அண்ணி.”

“ஆமா. உனக்கு இல்லியா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கார்த்திகையில் ஒரு நாள் காலையிலிருந்து காற்றோடு மழை. கரைமேட்டில் குவித்து வைத்திருந்த உப்புக் குவியலின் மேல் போட்ட தார்ப்பாய் பிய்ந்துவிட்டது என்று தகவல் வர, அண்ணனும் அண்ணியும் ஓடினார்கள். அம்மா அடுப்படியில் ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் மழை வலுத்தது. தெருத் தண்ணீர் வாசற்படி தாண்டி, கதவுக்கு அடியில் நாக்கு நீட்டுவதுபோல் உள்ளே வந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் விரிசலிலிருந்தும் சொட்டியது.

“அத்த, ஊரு!” என்று சரண்யா அலறினாள்.

கட்டிலுக்குக் கீழே அட்டையின் ஓரத்தில் தண்ணீர் தொட்டுவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் நான் அசையவில்லை. போகட்டுமே என்று நினைத்தேன். கரைந்து போனால் எல்லோருமே அந்த ஊரில் இல்லாதவர்கள்தான். அம்மா, அண்ணன், மாயவன், நாய், எல்லோரும் என்னைப் போல. பிறகு தமிழ்நிலா தண்ணீரில் குப்புறப் படுத்து, வெறும் கையால் அந்தத் தண்ணீரைத் தள்ளுவதைப் பார்த்தேன். அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிக்கொண்டே இருந்தாள்.

கட்டில் மேல் என் பெட்டி திறந்தே கிடந்தது. இரண்டு கைகளாலும் துணிகளை அள்ளித் தரையில் எறிந்தேன். கால்சட்டைகள், குர்தாக்கள், குளிருக்கு வாங்கிய கம்பளிச் சட்டை, எல்லாவற்றையும் கதவுக்கு அடியில் திணித்து மிதித்தேன். சிவப்புத் துப்பட்டாவை முறுக்கி நிலைப்படி இடுக்கில் அடைத்தேன். பிறகு தமிழ்நிலா ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக ஓர் அட்டையைத் தூக்கிப் பெட்டியின் ஒரு பாதியிலும், அடுத்ததை மறுபாதியிலும் இறக்கினோம். அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்தது. அண்ணி துடைக்கும்போதெல்லாம் அளவெடுத்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. மேலே ஓர் உப்புச் சாக்கைப் போர்த்தினோம்.

அவர்கள் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. அண்ணி நனைந்த சேலையைக்கூட மாற்றாமல் நேராக அறைக்குள் வந்தாள். கட்டிலுக்குக் கீழே குனிந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“மேல பாருங்க” என்றேன்.

சாக்கை விலக்கினாள். கடல் ஒரு பக்கம், உப்பளம் ஒரு பக்கம், நடுவில் பெட்டியின் மடிப்பு. இரண்டு தீப்பெட்டி வீடுகள் மட்டும் சாய்ந்திருந்தன. அவள் வாசலுக்குப் போய், சேற்றில் ஊறிக் கிடந்த என் துணிகளைப் புரட்டினாள். சிவப்புத் துப்பட்டா நிலைப்படி ஆணியில் மாட்டி நீளமாகக் கிழிந்திருந்தது. அதைப் பிழிந்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இப்ப ஆவும்” என்றாள்.

மறுநாள் எனக்கு உடம்பும் தலையும் வந்தன. பட்டன் தலை, ஐஸ் குச்சி உடம்பு, சிவப்பு உடுப்பு. கையில் ஒரு சின்னப் பெட்டி. புளிப்பு மிட்டாய் டப்பாவை வெட்டிச் செய்தது, கீழே நான்கு மணிச் சக்கரங்கள். குழந்தைகள் என்னைக் கண்ணை மூடச் சொல்லி அழைத்துப் போனார்கள். திறந்து பார்த்தால் நான் ஈசிஆர் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன்.

“ஏன் அண்ணி என்னை ரோட்டுல நிறுத்தினீங்க? வீட்டுக்குள்ள எடம் இல்லையா?”

“நீ வர்றியா போறியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அங்கியே நில்லு. தையில பாத்தி மிதிக்க வந்தா உள்ள கூட்டிக்கினு போறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. அவள் மட்டும் எங்கே சௌகரியமாக நிற்கிறாள் என்று உப்பளத்தில் தேடினேன். சோடா மூடிக் கூடை வரப்பின் மேல் தனியாகக் கிடந்தது. அவளைக் காணவில்லை. தீப்பெட்டி வீட்டுக்குள் இல்லை, கோயிலில் இல்லை, டீக்கடையில் இல்லை.

“உங்க பொம்மை எங்கே?”

அண்ணி தலை நிமிரவில்லை. பால் பாக்கெட்டை நீளநீளமாக வெட்டிக்கொண்டே சொன்னாள், “மழக்காலம்தான? வேல இல்ல. எங்கியாவது போயிருப்பா.”

குனிந்து பேஸ்ட் டப்பா பஸ்ஸுக்குள் பார்த்தேன். வண்டி நிறுத்தத்தைத் தாண்டி நின்றது. முதல் ஜன்னலில் ஒரு பட்டன் தலை, நீலப் பூப்போட்ட சேலை. அவளுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

“அந்த ஜன்னல் சீட்டு எனக்கு வேணும்” என்றேன்.

“முடியாது” என்றாள் அம்சவல்லி. “நீ எல்லாத்தையும் பாத்துட்ட.”