வாக்கோவருக்கு நான் சொன்ன பொருள்

ஜவ்வாது மலையில் ஒன்பது வருடம் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். அத்தனை வருடத்தில் பள்ளிக்கு வெளியே ஒரே ஒருவர்தான் என்னிடம் ஒரு ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டிருக்கிறார். அவர் கேட்ட சொல் வாக்கோவர். நான் சொன்ன பொருளில் பிழை இல்லை. ஆனாலும் என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான பதில் அதுதான். எழுபத்தெட்டு வயதாகிறது. இனியும் சொல்லாமல் வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

அங்கே மனு எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ரேஷன் கார்டு, பட்டா, கிணறு, எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். சில ஊர்களிலிருந்து பள்ளிக்கு வரவே அரை நாள் நடக்க வேண்டும். அப்படி நடந்து வந்து எழுதி வாங்கிக் கொடுக்கும் மனுவை, தேதி இல்லை, சர்வே எண் தப்பு என்று யூனியன் ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுபடியும் அரை நாள் நடை. அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான்தான் ஒரு வழி சொன்னேன். வெள்ளைத் தாளின் அடியில் கையெழுத்தோ கைரேகையோ வைத்து இரண்டு மூன்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், திருத்தம் கேட்டால் நானே மாற்றி எழுதி அனுப்பிவிடுகிறேன் என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். கொஞ்ச நாளில் அதுவே வழக்கமாகிவிட்டது. சந்தைக்குப் போகிறவர்கள் வழியில் வந்து, வெற்றுத் தாளில் ரேகை வைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு படி சாமையையும் வைத்துவிட்டுப் போவார்கள். என் டிரங்குப் பெட்டியில் ஊர்வாரியாகக் கட்டி வைத்த தாள்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. ரேகைக்குப் பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதி வைத்திருப்பேன்.

பொருள் கேட்டவரும் அப்படித் தாள் கொடுத்தவர்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்த விவசாயி. மூன்றாவது வரை படித்தவர், எழுத்துக்கூட்டி வாசிப்பார். அவருடைய ஊர் ஒரு காட்டாற்றுக்கு அந்தப் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வந்துவிட்டால் யாராலும் தாண்ட முடியாது. டோலி கட்டித் தூக்கி வந்த நோயாளியைக் கரையிலேயே இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் வடிகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒரு சின்னப் பாலம் கேட்டு அவருக்காக ஆறு மனு எழுதியிருந்தேன்.

பல வருடங்களாக நடக்காமல் இருந்த பஞ்சாயத்துத் தேர்தலை அறிவித்தார்கள். அவர் வந்து, "மனு போட்டுப் போட்டு கை நோவுது சார். நானே தலைவருக்கு நின்னுட்டா இன்னா?" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேட்புமனுவை நானே பூர்த்தி செய்து கொடுத்தேன்.

அவருக்கு எதிராக நின்றவர் பெயருக்குத்தான் வேட்பாளர். அவரை நிறுத்தியவர் அடிவாரத்திலிருந்து வந்து புளி குத்தகை எடுக்கும் ஒருவர். வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் அந்தக் குத்தகைக்காரர் என் அறைக்கு வந்தார். என் மனைவி அப்போது கணியம்பாடியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். எங்கள் பெண்ணுக்கு இரண்டு வயது, மூச்சிழுப்பு. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

"வாத்தியாரே, ஜூன்ல கணியம்பாடி பக்கம் ஒரு எடம் காலியாவுது. நான் பேசறேன்" என்றார். பிறகு என் பெட்டியைப் பார்த்தார். "அவரோட பேப்பரு ரெண்டு மூணு உங்ககிட்ட கீதாமே?"

அவர் மிரட்டவில்லை. இரண்டாம் முறை கேட்கவும் இல்லை. அவர் டீ குடித்து முடிப்பதற்குள் நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். சொந்தக் காரணங்களால் போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று ஒரு தாள். அதைக் கொண்டுவருபவருக்கு அதிகாரம் கொடுத்து இன்னொரு தாள். அந்த மலையில் எல்லா மனுவும் என் எழுத்தில்தான் போகும் என்பதால் ஆபீசில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குழந்தைக்காகச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பேனாவைப் பிடித்திருந்தபோது குழந்தையின் முகம் என் நினைவில் இல்லை. மலையை விட்டு இறங்கிவிடலாம் என்பது மட்டும்தான் இருந்தது.

அந்த இரண்டு நாளும் அந்த விவசாயி ஊர் ஊராக நடந்து ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆபீசில் கடிதத்தைக் காட்டி, உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மறுநாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீக்கடையில வாக்கோவர் வாக்கோவர்னு சிரிக்கறாங்க. அப்படின்னா இன்னா சார்?"

பள்ளியில் வாலிபால் நடத்துகிறவனும் நான்தான். அதை வைத்தே விளக்கினேன். இரண்டு டீம் ஆட வேண்டிய இடத்தில் ஒரு டீம் மைதானத்துக்கு வரவில்லை என்றால், அம்பயர் கடிகாரத்தைப் பார்ப்பார். நேரம் முடிந்ததும், வந்த டீம் பந்தைத் தொடாமலே ஜெயித்ததாக அறிவித்துவிடுவார். தேர்தலில் எதிர்த்து ஆள் இல்லாமல் ஜெயித்தாலும் அப்படிச் சொல்வார்கள். பாடம் நடத்துகிற குரலில் நிதானமாகச் சொன்னேன்.



"வராத டீமுக்குத்தான சார் அது? நான் வந்துதான நின்னேன்."

மேஜைமேல் கிடந்த சாக்பீஸை எடுத்து டப்பாவில் போட்டேன்.

"கையெழுத்து என்னுதுதான். எப்ப போட்டேன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மறந்திருப்பீங்க" என்றேன்.

"அப்படியும் இருக்கும்" என்றார். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார். கோபப்பட்டு நான்கு வார்த்தை கேட்டிருந்தால் நானும் பொய்யை இன்னும் கொஞ்சம் கெட்டியாகச் சொல்லியிருப்பேன். அவர் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். மழையில் என் கூரை ஒழுகுமே, தாள் நனைந்துவிடும் என்றார் ஒருவர். மச்சான் அந்தத் தாளைக் கேட்கிறான் என்றார் இன்னொருவர். தேன் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு போனவரும் உண்டு. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. வணக்கம் வைப்பதையும் நிறுத்தவில்லை. ஒரு பெண் மட்டும் நேராகக் கேட்டாள். "என் ரேகைய என்கிட்டயே குடுத்துடு சாமி. எங்க வூட்லயே இருக்கட்டும்."

பெட்டியைத் திறந்து, பென்சிலில் எழுதியிருந்த பெயரைப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். மாசி முடிவதற்குள் எல்லாம் போய்விட்டது.

ஜூனில் மாறுதல் உத்தரவு வந்தது. வேண்டாம் என்று நான் எழுதவில்லை. சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது அந்த விவசாயி வந்தார். கையில் சந்தையில் வாங்கிய வெள்ளைத் தாள் ஒன்று இருந்தது. பாலத்துக்கு ஒரு மனு எழுத வேண்டும் என்றார். நான் போய்விட்டால் எழுதித் தர அங்கே ஆள் இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. பேனாவைத்தான் எடுத்தேன்.

எழுதி முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிங்க சார்."

படித்தேன்.

"இன்னொருவாட்டி."

மறுபடியும் படித்தேன். தாளைத் தன் பக்கம் திருப்பி, கடைசி எழுத்தின் மேல் விரலை வைத்து, இங்கேதான் முடிகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதை ஒட்டி, நடுவில் இன்னொரு வரி எழுத இடம் இல்லாதபடி கையெழுத்துப் போட்டார். தாளில் கீழே மிச்சமிருந்த பகுதியை மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்துக் கிழித்தெடுத்தார்.

தபாலில் நானே சேர்த்துவிடுகிறேன் என்று கையை நீட்டினேன்.

"வேணாம் சார். நானே போய்க் குடுத்துட்டு வர்றேன்" என்றார்.