அப்பா கேட்காமல் விட்டுவந்த துண்டு

எங்கள் அப்பா படுவான்கரையில், வாவியோரத்து வயல் கிராமமொன்றில் பிறந்தவர். இரண்டு முறை இடம்பெயர்ந்து, இரண்டு முறையும் திரும்பி வந்து தன் வட்டையில் நெல் விதைத்தவர். யாரையும் கடிந்து பேச அறியாதவர். அந்தக் குணத்தைப் போற்றி இந்த நினைவு மலரில் எழுதும்படி அண்ணன் சொன்னார். எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

வட்டைக்கும் வாவிக்கும் இடையே வீதியை உயர்த்திப் போட்டபின், மாரி வெள்ளம் வடிய வழியின்றி எங்கள் பயிர் மூன்று போகம் அழுகியது. வீதிக்குக் கீழே எத்தனை மதகுகள் வைக்க வரைபடத்தில் அனுமதித்தார்கள்? அப்பாவின் கேள்வி அது ஒன்றுதான். தகவல் பெறுவது குடிமக்களின் உரிமை என்று அரசியலமைப்பே சொல்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று அதிகாரி விசாரிக்கவும் கூடாது. விண்ணப்பத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

வீதி போட்ட திணைக்களத்தின் கந்தோரில் அதை வாங்கிய தகவல் அலுவலர் அப்பாவின் குடியைச் சேர்ந்தவர். தாய்வழியில் மருமகன் முறை. கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, "நமக்குள்ள துண்டு எதுக்கு மாமா? நான் பாக்கன்தானே" என்றாராம். விண்ணப்பம் கிடைத்ததற்கான துண்டை வாங்காமலே அப்பா வந்துவிட்டார். நான் ஏசினேன்.

"நம்மட குடிப் புள்ளைக்கிட்ட துண்டு கேக்கிறது மரியாதையா மகள்?" என்றார்.

பதில் வராமல் மாதங்கள் போயின. மேன்முறையீட்டுக்குப் போனபோது, அப்படியொரு விண்ணப்பம் வரவேயில்லை என்றார்கள். பக்கத்து மேசையில் இருந்த மருமகன் தலை நிமிரவில்லை. அப்பா அங்கேயும் சண்டை பிடிக்காமல் பஸ் ஏறி வந்தார். நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளிலும், "கடுதாசி வந்ததா மகள்?" என்றே கேட்டார். இல்லை என்று சொன்னேன். அந்த வேதனை எனக்கு ஆறாது.

அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வரை சமைத்துத் தந்த அயலவருக்கும், காத்தான்குடியிலிருந்து ஓடி வந்த அப்பாவின் கூட்டாளி நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பந்தல் போட்டு, பாடைக்குத் தோள் கொடுத்த அதே மருமகனுக்கும் நன்றி.

மச்சான், எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அதே விண்ணப்பத்தை என் பெயரில் உங்களிடம் தந்தேன். "நமக்குள்ள எதுக்கு மச்சாள்" என்று தொடங்கினீர்கள். "துண்டு தராம எழும்ப மாட்டன்" என்று இருந்தேன். தந்தீர்கள். சட்டம் சொன்ன பதினான்கு வேலை நாள்கள் முடிந்துவிட்டன. இம்மலர் அச்சுக்குப் போகும்வரை பதில் இல்லை. முப்பத்தோராம் நாள் பந்தியில் இருந்து வயிறாறச் சாப்பிடுங்கள். மறுநாள் காலை, துண்டோடு உங்கள் மேலதிகாரியின் முன் நிற்பேன்.