தொண்டைக்குழியில் வெள்ளி

என் மகள் கழுத்தில் கிடந்த ஒரே வெள்ளி, ஆஸ்பத்திரிக்குச் சொந்தமானது. சொன்னாலும் ஊரில் யாரும் நம்பவில்லை. "பொட்டப்புள்ளைக்குக் கழுத்துல வெள்ளி போட்டு அனுப்பற ஆஸ்பத்திரி எங்கீங்க இருக்குது? நாங்களும் போறோம்" என்று கேலி பேசினார்கள். நானும் வாய்க்குச் சளைத்தவளில்லை. "போங்க, கழுத்த அறுத்துத்தான் போட்டு உடுவாங்க" என்பேன்.

திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவே எங்கள் காடு. மேட்டு நிலம். நிலக்கடலையும் சோளமும் போடுவோம். இரண்டாவது மகா யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. நான் ஐந்தாவது வரை படித்தவள், அதனால் எழுத வருகிறது. எழுத வேண்டும் என்று தோன்றத்தான் இத்தனை காலம் ஆகிவிட்டது.

அம்மிணிக்கு அப்போது நாலு வயது. பெயர் வைத்திருந்தோம், ஆனால் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் அவள் அம்மிணிதான். முதலில் சாதாரணச் சளி என்றுதான் நினைத்தோம். பக்கத்துக் காட்டு அம்மாள் வந்து பார்த்துவிட்டு, "உண்ணாக்கு வளந்திருக்குது" என்று மிளகையும் உப்பையும் விரலில் தொட்டு உள்ளே அழுத்திவிட்டுப் போனாள். மறுநாள் குழந்தையின் குரல் கட்டிப்போய், இருமினால் நாய் குரைப்பது போல் கேட்டது. வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் கழுத்துக்குழி உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. வண்டி பூட்டச் சொன்னேன்.

சங்ககிரியில் ரயிலேறிச் சேலம் போய்ச் சேர்ந்தபோது அவள் உதடு நாவல்பழம் தின்றவள் உதடாக இருந்தது. டாக்டர் ஒரு பார்வைதான் பார்த்தார். "தொண்டை அடைப்பான். கழுத்தில் ஓட்டை போட்டால்தான் மூச்சு வரும். யோசிக்க நேரம் இல்லை" என்றார்.

என் வீட்டுக்காரர் ஒரு கன்றுக்குட்டி வாங்குவதென்றாலும் பங்காளிகள் அத்தனை பேரையும் கலந்து பேசுகிறவர். "ஏனுங்க, ஊட்டுல பெரியவங்களை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு..." என்று ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரைத் தள்ளிவிட்டு முன்னால் போய், "போடுங்க சாமி. ஓட்டையைப் போடுங்க" என்றேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

மயக்க மருந்து கொடுக்கக்கூட அவகாசம் இல்லை என்றார்கள். குழந்தையைத் துப்பட்டியில் இறுகச் சுற்றி, தோளுக்கடியில் ஒரு துணிச் சுருட்டை வைத்துக் கழுத்தை நிமிர்த்தியது வரைக்கும் பார்த்தேன். பிறகு என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. அப்புறம் சீட்டி அடித்த மாதிரி ஒரு சத்தம், ஓர் இருமல். நர்சம்மா எட்டிப்பார்த்து, "மூச்சு வந்துவிட்டது அம்மா" என்றாள்.

உள்ளே போனேன். உதட்டில் ரத்தம் திரும்பியிருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தொண்டைக்குழியில் ஒரு வெள்ளிக் குழலின் சின்ன வாய். அதன் வழியாகக் காற்று போய் வந்துகொண்டிருந்தது. நான் டாக்டர் காலில் விழப்போனேன். அவர் விலகிக்கொண்டு, நோய்க்கு ஊசி போட்டிருப்பதாகவும் அது வேலை செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

விழித்ததும் அவள் அழுதாள். முகம் கோணி, வாய் பிளந்து, கண்ணில் தாரை தாரையாக நீர் வழிய அழுதாள். சத்தம் மட்டும் வரவில்லை. எந்தத் தாயும் அந்தக் காட்சியைப் பார்க்கக் கூடாது. நான் கத்திய கத்தலில் ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. நர்சம்மா என்னை உட்கார வைத்து விளக்கினாள். "குரல் பிறக்கிற இடம் மேலே இருக்கிறது. காற்று அதுவரை போகாமல் கீழேயே வெளியே போய்விடுகிறது. உன் பிள்ளை ஊமை ஆகவில்லை. பயப்படாதே."

ஊசி வேலை செய்தது. நோய் போயிற்று, குழல் மட்டும் போகவில்லை. அதை எடுக்கலாமா என்று பார்க்க ஒரு நாள் குழல் வாயில் தக்கை வைத்து அடைத்தார்கள். கொஞ்ச நேரத்துக்குள் முகம் கருத்துவிட்டது. உள்ளே தசை சுருங்கியிருக்கிறது, வளர்ந்தால் விரியும், தை பிறந்ததும் கூட்டி வா என்றார் டாக்டர். அதுவரை குழலைச் சுத்தம் செய்ய எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழல்கள். வெளிக்குழலைக் கழுத்தோடு நாடாவால் கட்டியிருக்கும், அதைத் தொடக் கூடாது. உள்குழலை மட்டும் உருவி, சுடுதண்ணீரில் கொதிக்க வைத்து, கோழியிறகால் துடைத்துத் திரும்பப் போட வேண்டும். வெள்ளியாயிற்றே என்று முதல் நாள் நான் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுபோய்க் காட்டினேன். "இது என்ன, கார்த்திகைக்கு ஏற்றுகிற விளக்கா?" என்று நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

புறப்படும்போது டாக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "சளி பிடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அந்த ஓட்டையை யாரும் அடைக்கக் கூடாது. ஒரு விரல்கூட வைக்கக் கூடாது. உயிர் அதில் இருக்கிறது." நான் சரி என்று தலையாட்டினேன். குழல் தேவையில்லை என்று ஆனதும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். அதற்கும் தலையாட்டினேன்.

ஊருக்கு வந்து நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையெல்லாம் தூசியோடு சண்டைதான். களத்தில் சோளம் தூற்றினால் அவளைத் தூக்கிக்கொண்டு எதிர்த் திசைக்கு ஓடுவேன். கழுத்தில் எப்போதும் ஒரு ஈரத்துணி தொங்கும். அவளோ அதை ஒதுக்கிவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தன் வெள்ளியைக் காட்டுவாள். என் நாத்தனார், "அறுபட்ட கழுத்தோட இருக்கறவளை எவன் கட்டுவான்?" என்று ஒரு நாள் கேட்டாள். "உங்கூட்டுக்கு மாப்பிள்ளை கேட்டு வரமாட்டோம், கவலைப்படாதீங்க" என்றேன். கொஞ்ச நாள் அவள் வாசலுக்கு வரவில்லை.

ஒரு காலை நேரம் சோளம் காயப் போட்டிருந்தேன். அம்மிணி காவல். நான் அடுப்படியில் இருந்தேன். "சூ!" என்று வெளியே ஒரு கரகரத்த குரல் கேட்டது. யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப்பார்த்தால் யாரும் இல்லை. ஒரு கோழி ஓடிக்கொண்டிருந்தது. அம்மிணி மோவாயைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு குனிந்து நின்றாள். மோவாய் அந்த ஓட்டையை மூடியிருந்தது. தன் சத்தத்தைக் கேட்டு அவளே மிரண்டு போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் மறுபடியும் மோவாயை அழுத்தி, "ஆயா" என்றாள்.

எங்கள் பக்கம் பெற்றவளை அப்படிக் கூப்பிடுகிற வீடுகள் உண்டு. எத்தனையோ மாதம் கழித்துக் கேட்கிறேன். சோளத்தின் மேலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கோழிகள் திரும்பி வந்து தின்றுகொண்டிருந்தன. விரட்டத் தோன்றவில்லை.

மோவாய்க்குப் பதிலாக விரலை வைக்க அவளே கற்றுக்கொண்டாள். விரலை வைப்பாள், நாலு வார்த்தை பேசுவாள், விரலை எடுத்து மூச்சு விடுவாள், மறுபடி வைப்பாள். வாங்கிய மூச்சை வீணாக்க மனமில்லாதவளைப் போல அவ்வளவு பேச்சு. பூனை மீது கோள், அப்பன் மீது கோள். சாப்பிடும்போது கையெல்லாம் சோறாக இருக்கும். அப்போது முழங்கையால் என் கையை இடிப்பாள். நான் என் சுட்டுவிரலை அவள் தொண்டையில் வைப்பேன். "கொழம்பு காரம்" என்பாள். அவ்வளவுதான் விஷயம். போகப் போகக் கை சுத்தமாக இருக்கும்போதுகூட என் விரலைப் பிடித்துத்தான் வைத்துக்கொள்வாள். அவள் குரலுக்கு என் விரலின் ருசி பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்திருந்தது. விரல் நுனியில் அவள் பேச்சு குறுகுறுவென்று அதிரும்.

தை பிறக்கட்டும் என்று காத்திருந்தோம். மார்கழிப் பனியில் அவளுக்குச் சளி பிடித்தது. குழலிலிருந்து வருவது கெட்டியாயிற்று. உள்குழலை எத்தனை தடவை உருவிக் கொதிக்க வைத்தாலும் தீரவில்லை. காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கி, விலா எலும்பெல்லாம் மூச்சோடு ஏறி இறங்க ஆரம்பித்தது. இந்தத் தடவை என் வீட்டுக்காரர் யாரையும் கேட்கவில்லை. விடிந்ததும் வண்டியைப் பூட்டினார்.

வைக்கோல் போட்டு அவளை மடியில் கிடத்திக்கொண்டேன். சங்ககிரி மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த இடம். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கையைத் தேடி எடுத்து, என் சுட்டுவிரலைப் பிடித்துத் தன் தொண்டைக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் சொன்னது என் காதில் கேட்டது. "வேண்டாங்கண்ணு, மூச்சு முட்டும். ஆஸ்பத்திரி போய்ப் பேசிக்கலாம்" என்று கையை இழுத்துக்கொண்டேன். மறுபடியும் பிடித்தாள். மறுபடியும் இழுத்துக்கொண்டேன். அவள் கண் கெஞ்சியது. உதடு மட்டும் அசைந்தது, என்ன சொல் என்று என்னால் படிக்க முடியவில்லை. தன் விரலை வைக்கக் கையைத் தூக்கினாள். கை பாதி வழியிலேயே விழுந்துவிட்டது. அப்புறம் முகத்தை என் வயிற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "சீக்கிரம் ஓட்டுங்க" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள் குழலில் காற்று நின்றுவிட்டது.

வண்டியைத் திருப்பினோம்.

அவளை வீட்டில் கிடத்தியிருந்தபோது நாத்தனார் வந்தாள். பழையதை மறந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, "அதைக் கழட்டிப்போடு. மண்ணுக்குள்ள எதுக்கு வெள்ளி? பொறவு ஒரு புள்ள பொறந்தா தண்டை பண்ணிப் போடலாம்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத் தலை கொதித்தது. "அது நகையில்லீங்க. தொடாதீங்க" என்றேன். நாடாவை நானே அவிழ்த்தேன். குழல் இருந்த இடத்தில் துணியை வைத்து மூடினேன். அம்மிணியை எடுத்துக்கொண்டு போன பிறகு, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தண்ணீரைக் கொதிக்க வைத்து, இறகை எடுத்து, இரண்டு குழலையும் துடைத்து வைத்தேன்.

வண்டியில் அவள் என்ன சொல்ல வந்தாள்? அன்றிலிருந்து எனக்கு அதே வேலைதான். "ஆயா" என்று கூப்பிட வந்தாளா, வலிக்குது என்று சொல்ல வந்தாளா, "போகாதே" என்றா, "நான் போறேன்" என்றா. நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரியாத பெரிய பெரிய வார்த்தைகளையெல்லாம் அவள் வாயில் நானே வைத்துப் பார்த்தேன்.

தை பிறந்ததும், வரச் சொல்லியிருந்தபடியே, குழலைத் திருப்பிக் கொடுக்க நாங்கள் இரண்டு பேரும் சேலம் போனோம். நர்சம்மா கேட்டுவிட்டுக் குழலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் விரல் வைக்காததைச் சொன்னேன். "நீ செய்ததுதான் சரி. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும்" என்றாள். சரிதான், எனக்கும் தெரியும். இன்றைக்கு நடந்தாலும் அதையேதான் செய்வேன். தெரிந்து என்ன ஆயிற்று?

அந்த வார்டிலேயே ஒரு கட்டிலில் ஒரு பையன் இருந்தான். ஆத்தூர்ப் பக்கத்து ஜனங்கள். அவன் கழுத்திலும் ஒரு குழல். அவன் தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். "என் புள்ள அழுவுறான், சத்தமே வரல. ஊமையாப் பூட்டான், யாருமே உண்மைய சொல்ல மாட்டேங்குறாங்க" என்று புலம்பினாள். நோய் நன்றாக இறங்கிவிட்டது, அன்றைக்குத்தான் மூடிப் பார்க்கச் சொல்லி டாக்டர் உத்தரவு போட்டிருக்கிறார் என்று நர்சம்மா சொன்னாள். நான் நர்சம்மாவைப் பார்த்தேன். அவள் சரியென்று தலையசைத்தாள்.

கையைக் கழுவிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். "உங்க பையன் ஊமையில்லீங்க. பாருங்க" என்று சொல்லிச் சுட்டுவிரலை மெல்ல அந்தக் குழல் வாயில் வைத்தேன். பையன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். விரல் நுனியில் அதிர்ந்தது.

"தண்ணி" என்றான்.

அவன் தாய் சிரித்தும் அழுதும், சொம்பை எடுக்கப்போய்த் தட்டிவிட்டு, மறுபடி மொண்டு வந்து அவன் வாயில் வைத்தாள். அவன் மடக் மடக்கென்று குடித்தான். வார்டே அவனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "ஏன், என்னாச்சு?" என்று கேட்டார். அம்மிணி போன அன்றைக்குக் காலையில் நான் புகட்டிய தண்ணீர் கடைவாயில் வழிந்துவிட்டது. அதற்குப் பிறகு, தண்ணி வேணுமா என்று நான் அவளைக் கேட்கவில்லை. வண்டியில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. வைக்கோலில் கவிழாமல் இருக்க, என் முதுகுக்குப் பின்னால், அவள் கண்ணில் படாத இடத்தில் வைத்திருந்தேன்.