தூக்காமல் கடலுக்குப் போன படகு

முதியோர் இல்லத்தில் அவளுக்குப் ‘பெல்ட்டக்கா’ என்று பெயர். யாரையும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதானால் முதலில் அவர் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டுவாள். அதைப் பிடித்துத்தான் எழுப்புவாள். கக்கத்தில் கை கொடுத்து வெறுமனே தூக்கும் புதுப் பணியாளர்களைக் கண்டால் சத்தம் போடமாட்டாள். ஒரு பட்டையைக் கொண்டுவந்து அவர்கள் தோளில் துண்டு மாதிரிப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அதற்கு மேல் யாருக்கும் பாடம் தேவைப்பட்டதில்லை.

வயது ஐம்பத்தாறு. அந்த வேலையில் பத்தொன்பது வருடம். வாரத்தில் இரண்டு நாள் காலையில் கயாக்கை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவாள். கயாக் என்பது ஒரே ஆள் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லியான பிளாஸ்டிக் படகு. எடை முப்பது கிலோ. தண்ணீரில் இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் யாரும் அவளைக் கூப்பிட முடியாது. அவளுக்குக் கடல் பிடித்ததற்கு வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

வீட்டுச் சுவரோரம் இரண்டு பலகை மேல் படகு கிடக்கும். அங்கிருந்து தண்ணீருக்கு அறுநூறு எட்டு நடக்க வேண்டும். கடைசி நூற்றைம்பது மணலில். முன்பக்கம் அவள் பிடிப்பாள், பின்பக்கம் கணவர். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். கணுக்காலுக்கு மேல் நனையமாட்டார். படகைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவள் திரும்பும்வரை கரையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். எட்டு வருடமாக இப்படித்தான் நடந்தது.

போன மாதம் ஒருநாள் அவளுக்கு இரவு வேலை முடியத் தாமதமாயிற்று. வருவதற்குள் படகைக் கடற்கரையில் வைத்துவிடலாம் என்று மனிதர் தனியாகத் தலைமேல் தூக்கியிருக்கிறார். இரண்டாவது திருப்பத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. படகும் அவரும் தெருவில் கிடந்தார்கள். பதினோரு நாள் படுக்கை. இல்லத்தில் செய்த வேலையை அவள் வீட்டுக்கு வந்தும் செய்தாள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்கவைப்பது, முதுகுக்குத் தலையணை கொடுப்பது, கழிவறைக்குக் கூட்டிப்போவது. ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தொடக்கூடாது என்றார் மருத்துவர். இன்னொரு தடவை பிடித்தால் பேருந்து ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

கணவருக்கு இது காதில் ஏறியதாகத் தெரியவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்த மூன்றாம் நாளே, “ஒரு முனைதானே, நான் பிடிக்கிறேன்” என்று படகைச் சுற்றி வந்தார். தன்னால் அவள் கடலுக்குப் போவது நின்றுவிட்டதே என்ற உறுத்தல். உறுத்தல் இருக்கிற மனிதனை நம்பிப் பாரத்துக்குப் பக்கத்தில் விடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். அன்று இரவுச் சாப்பாட்டில் அவளே சொல்லிவிட்டாள்: யாரும் தூக்காமல் இந்தப் படகு தண்ணீருக்குப் போகுமானால் வீட்டில் இருக்கட்டும், போகாதென்றால் கொடுத்துவிடலாம்.

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் அன்று கீழேதான் சாப்பிட்டாள். கணவருக்கு மூத்தவள். பல்லைக் கேட்டால் தாடையோடு பிடுங்கிக் கொடுப்பாள். மறுநாளே தன் அலுவலகத்தில் ஒருவரைப் பிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து படகை எடுத்துக்கொள்வார் என்றாள். பெல்ட்டக்கா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். சொன்ன வார்த்தையை விழுங்கிப் பழக்கமில்லாதவள். ஆறு நாள் இருந்தது.

முதலில் கடைக்குப் போனாள். படகை வைத்து இழுக்கும் வண்டி ஒன்று அங்கே இருந்தது. சக்கரம் உள்ளங்கை அகலம் கூட இல்லை. கட்டைவிரலால் அழுத்தினாள், கல் மாதிரி இருந்தது. எல்லாத் தரையிலும் ஓடும் என்றார் விற்பவர். மணலில் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார். பத்தொன்பது வருடம் சக்கர நாற்காலி தள்ளியவளுக்கு அட்டையைப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. நாற்காலி தோட்டத்து ஈர மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று அவள் தோளுக்குத் தெரியும். பூசணிக்காய் போன்ற கொழுத்த சக்கரம் வைத்த வண்டியும் இருக்கிறதாம், வரவழைக்க மூன்று வாரம் ஆகுமாம். மூன்று வாரம் கழித்து வண்டி இருக்கும், படகு இருக்காது.

எனவே தானே செய்யத் துணிந்தாள். இல்லத்தில் பிடித்து நடக்கிற வாக்கர் ஒன்று கால் வளைந்துபோய்க் கழித்துப் போட்டுக் கிடந்தது. அலுமினியக் குழாய், உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காது. மேலாளரிடம் சொல்லி எடுத்துவந்தாள். படகின் வயிறு உட்காரும் இடத்தில் குதிகாலுக்குப் புண் வராமலிருக்க வைக்கும் நுரைமெத்தையை வெட்டிச் சுற்றினாள். கட்டிட வேலைக்கு மண் அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளின் அகலச் சக்கரங்கள் இரண்டைச் சைக்கிள் கடைக்காரர் எங்கிருந்தோ தேடிக் கொடுத்தார். குழாயை அறுத்து, நடுவில் எவர்சில்வர் கம்பியை அச்சாகப் பொருத்தியதும் அவர்தான். சக்கரம் கழலாமலிருக்க இரண்டு முனையிலும் குறுக்கே செருகிய ஒரு பின். காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிடச் சொன்னாள். டயர் அமுங்கிப் பரந்தால்தான் மணலில் புதையாது.

“இறக்குன்னா இறக்கறேன்க்கா. ஆனா என் கடைக்குக் காத்து இறக்க வந்த மொத ஆளு நீங்கதான்” என்றார் கடைக்காரர்.

நாத்தனார் படியில் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். “ஆளுங்களத் தள்ளித் தள்ளி, இப்ப படகுக்கும் ஒரு வண்டியா? நடக்க முடியலன்னு அது உன்கிட்ட வந்து சொல்லிச்சா?”

“அது சொல்லல அண்ணி. உங்க தம்பி சொல்லாம படுத்துட்டாரு, அதான்.”

ஞாயிறு காலை ஆறரைக்கு மூவரும் சுவரோரம் நின்றார்கள். முப்பது கிலோவைத் தூக்காமல் வண்டியில் ஏற்றுவது எப்படி என்று நாத்தனார் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிட்டது. எழுந்திருக்க முடியாதவருக்கு விரிப்பு மாற்றுகிற மாதிரிதான். ஆளைத் தூக்குவதில்லை, ஒருக்களிக்கிறோம். பெல்ட்டக்கா படகை ஒருக்களித்தாள், வண்டியை அதன் வயிற்றோடு ஒட்டவைத்தாள், இரண்டு பட்டையைச் சுற்றிக் கட்டினாள், மொத்தத்தையும் நிமிர்த்தினாள். படகு சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் ஏறக்குறைய படகின் நடுவில் இருந்ததால் முன்கைப்பிடியில் ஒரு காய்கறிப் பை கனம்தான் இருந்தது.

சிமெண்ட் ரோட்டில் சொன்ன பேச்சைக் கேட்டு வந்தது. இரண்டு திருப்பமும் தாண்டிற்று. மணலுக்கு இறங்கும் சரிவில்தான் வினை. முன்பக்கம் தாழ்ந்ததும் படகு முன்னால் வழுக்கிற்று. வண்டி பின்னால் நின்றுவிட்டது. மூக்கு மணலில் குத்தியது. மறுபடி ஒருக்களித்து, கட்டி, நிமிர்த்தினாள். நாலு எட்டு வைத்ததும் மறுபடி அதே கதை.

“வண்டி ஒரு பக்கம், படகு ஒரு பக்கம். கட்டி வச்ச அன்னிக்கே ரெண்டுக்கும் ஒத்துவரல” என்றாள் நாத்தனார். மணி ஏழு இருபது.

கணவர் செய்தித்தாளை மணலில் வைத்துவிட்டுப் படகின் வாலுக்குப் பக்கத்தில் வந்து முழங்காலை மடக்கினார்.

“குனிஞ்சீங்கன்னா, எட்டு மணி வரைக்கும் பாக்கமாட்டேன். இப்பவே குடுத்துடுவேன்” என்றாள் பெல்ட்டக்கா. குரலை உயர்த்தவில்லை. அவர் நிமிர்ந்தார்.

அவள் மணலில் உட்கார்ந்தாள். சக்கரம் புதையவில்லை. அச்சு வளையவில்லை. பின் கழலவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்து பட்டையில் கை வைத்தாள். வைத்ததும் இரண்டு விரல் தானாகப் பட்டைக்கு அடியில் போயிற்று. தாராளமாகப் போயிற்று.

பயிற்சியில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது அது. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் போகவேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் கிழவர்களின் தோல் கன்றிவிடும். பத்தொன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை அப்படிக் கட்டியிருப்பாள். இன்று காலையிலும் அவளைக் கேட்காமல் கை தன் பாட்டுக்கு அளவு வைத்துவிட்டது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

“இதுக்கென்ன தோலா உரியப்போகுது” என்று எழுந்தாள். வண்டியை ஒட்டவைத்தாள். படகின்மேல் பாதத்தை ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, கொக்கி கிறீச்சிடும்வரை இழுத்தாள். இரண்டாவது பட்டையையும் அப்படியே. ஒரு விரல் நுழையவில்லை, நகம்கூட நுழையவில்லை.

“இவ்வளவு இறுக்கவா?” என்றார் கணவர்.

“இது ஆள் இல்லீங்க.”

நிமிர்த்தி இழுத்தாள். சரிவில் முன்பக்கம் தாழ்ந்தது, படகு அசையவில்லை. கொழுத்த சக்கரம் மணலை அமுக்கிக்கொண்டு உருண்டது. நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். அதற்கெல்லாம் வெட்கப்படுகிற வயதில்லை. நூற்றைம்பது எட்டு முடிகிற இடத்தில் ஈர மணல் வந்ததும் வண்டி குழந்தை வண்டி மாதிரி ஓடிற்று. கணவர் பக்கத்திலேயே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அவர் கையை அங்கே வைக்கச் சொன்னது அவள்தான்.

தண்ணீர் விளிம்பில் பின்னைப் பிடுங்கிச் சக்கரத்தைக் கழற்றி, சட்டத்தையும் சக்கரத்தையும் படகின் பின்பக்கம் வைத்துக் கட்டினாள்.

“ஓடமும் ஒருநாள் வண்டியில ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்துல ஏறும்னு சும்மாவா சொன்னாங்க” என்ற நாத்தனார் அதோடு நிறுத்தவில்லை. கைப்பேசியை எடுத்து அலுவலக நண்பரைக் கூப்பிட்டாள். “சார், எங்க வந்துட்டிருக்கீங்க? அப்படியே திரும்பிடுங்க. படகு கெளம்பிடுச்சு.” அவர் என்னவோ கேட்டிருக்க வேண்டும். “கடலுக்குத்தான் சார், வேற எங்க” என்று வைத்துவிட்டாள்.

கணவர் முகம் ஒரு மாதத்துக்குப் பிறகு சற்றுத் தளர்ந்தது. “நான்தான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன்னு இருந்துச்சு” என்றார், அலையைப் பார்த்துக்கொண்டு.

“ஒண்ணும் கெடல. உங்க முதுகும் இருக்கு, என் படகும் இருக்கு. ஈரத்துல நிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து துடுப்பை ஊன்றினாள். இரண்டு அலை முகத்தில் அடித்தது. மூன்றாவதைத் தாண்டியதும் தண்ணீர் சமமாயிற்று. அங்கே துடுப்பை மடியில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா மிதந்தாள். காதுவரை ஏறியிருந்த தோள் இரண்டும் இறங்கின. அவை இத்தனை நாள் அங்கேயே இருந்தன என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை விடியும்போது அவள் யாரையும் எழுப்பவில்லை. ஒருக்களித்து, கட்டி, நிமிர்த்தி, இழுத்துக்கொண்டு தனியாகப் போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தனியாக வந்தாள். சக்கரத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்குள்ளிருந்து கணவரின் தூக்கக் குரல் கேட்டது.

“ஏம்மா, இன்னிக்குக் கடலுக்குப் போகலையா?”

“போயிட்டு வந்தாச்சு. நீங்க இந்தப் பக்கம் திரும்பிப் படுங்க.”