மயில் கூண்டுப் பலகையைத் திருத்தப் போன கதை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு இருபதுக்குச் சோமனூரில் டவுன் பஸ் ஏறினேன். காந்திபுரத்துக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர், பெண்களுக்குக் காசில்லை. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் மலையையும் மேகத்தையும் பார்க்கப் போவார்கள். நான் சண்டை போடப் போனேன். அதனால் வழியில் எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சண்டை ஒரு பலகையோடு. மேற்கே மலையடிவாரத்துச் சரணாலயத்தில், அடிபட்ட பறவைகளை வைத்துக் காப்பாற்றும் பெரிய கூண்டு இருக்கிறது. பொதுஜனம் போய்ப் பார்க்கலாம். அங்கே போயிருந்த என் நாத்தனார் மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். ஒரு மயில், அதற்கு முன்னால் பலகை: ‘சோமனூர் அருகே விவசாயி வைத்த கண்ணியில் சிக்கிக் கால் முறிந்த ஆண் மயில்.’

அந்த மயிலை எனக்குத் தெரியும். போன ஐப்பசியில் எங்கள் மக்காச்சோளக் காட்டை ஒட்டிய ரோட்டில் ஒரு நூல் லாரி அதை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. என் வீட்டுக்காரரின் துண்டில் அதைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வனத்துறை ஜீப் வரும்வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் நான். அது நகத்தால் கீறிய தழும்பு இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. ஆனால் மயில்கள் சோளத்தைத் தின்று தீர்க்கின்றன என்று வருஷா வருஷம் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுப்பதும் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான். படம் ஊரைச் சுற்றி வந்தது. “மனுவுல தீராததைக் கண்ணி வச்சுத் தீர்த்துபோட்டாளா?” என்று பால் சொசைட்டியில் என் காதுபடவே கேட்டார்கள்.

எட்டே முக்காலுக்குக் காந்திபுரம். மேட்டுப்பாளையம் ரோட்டு பஸ்ஸில் ஒன்பதரைக்குத் துடியலூர். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஆட்டோவில், இருநூறு ரூபாய்.

“சோமனூர்ல இருந்து மயில் பாக்கறதுக்கா வாரீங்க? அங்கதான் காடுகாடா மேயுதுங்களே!” என்றார் டிரைவர்.

“இது பெரிய எடத்து மயிலுங்க. பேர்ப்பலகையெல்லாம் வச்சிருக்குது” என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து மணிக்கு முப்பது ரூபாய்ச் சீட்டு வாங்கி உள்ளே போனேன். பறக்க முடியாத பருந்து, ஒரு கண் போன ஆந்தை, இறக்கை வெட்டி விற்கப்பட்ட பச்சைக்கிளிகள். கடைசியில் அது. நொண்டிக்கொண்டே வந்து வலைக்குப் பக்கத்தில் நின்றது. உயிரோடு இருக்கிறதே என்று வலையை ஒட்டிக் குனிந்து பார்த்தேன்.

“காலு கூடிருச்சுங்க அம்மணி. ஆனா ஓட முடியாது. வெளிய உட்டா நாய் புடிச்சுபோடும். இனி இங்கயேதானுங்க” என்றார் தீனி வைக்கும் பெரியவர் மாரியப்பன்.

அந்த நேரம் பார்த்து ஒரு சிறுமி பலகையைச் சத்தமாகப் படித்தாள். “பாவம்ப்பா. யாரு கண்ணி வச்சது?”

“விவசாயிங்கதான் கண்ணு. அவங்களுக்கு மயிலுன்னாலே ஆகாது” என்றார் அவள் அப்பா.

“அந்த விவசாயி நான்தானுங்க” என்றேன். மணிக்கட்டைக் காட்டி, லாரியில் ஆரம்பித்து ஜீப் வந்ததுவரை சொன்னேன். அவர்கள் போனதும் அடுத்து வந்தவர்களிடம் சொன்னேன். பதினொன்றரைக்குள் ஐந்து குடும்பங்களுக்குச் சொல்லியாயிற்று. மாரியப்பன், “மெதுவாப் பேசுங்க, பறவைக மிரளுது” என்றார். நியாயம்தான். குரலைக் குறைத்துக்கொண்டேன், நிறுத்தவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சரணாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் வனத்துறை வனவர் வந்தார். சின்ன வயசு. என் பேரையும் ஊரையும் கேட்டுக்கொண்டார்.

“ஏனுங்கம்மா, மயிலுக்கு எதிரா மனுப் போடறது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க. அடுத்த மாசமும் போடுவேன்.”

“அப்புறம் எப்படிங்க உங்களை நம்பறது?”

“மனுக் குடுத்தது என்னோட காட்டுக்குங்க. தூக்கிக் குடுத்தது அதோட உசுருக்குங்க. ரெண்டும் செஞ்சது நான்தான். உங்க ரெஜிஸ்டரைப் பாருங்க.”

போனவர் அரைமணி கழித்து முகம் மாறி வந்தார். ரெஜிஸ்டரில் ‘லாரி மோதியது’ என்றுதான் இருந்ததாம், என் பெயரோடு. பலகை எழுதியவர் யாரோ தாமாகவே கண்ணியைச் சேர்த்திருக்கிறார்.

“புதுப் பலகைக்கு மேலிடத்துல கேக்கணுங்க. அதுவரைக்கும் இது இருக்கட்டுங்க.”

“அப்ப நானும் இருக்கறனுங்க” என்று பலகைக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றரை மணிக்கு வனவர் ஸ்பேனர் கொண்டுவரச் சொன்னார். மாரியப்பன் இரண்டு போல்ட்டைக் கழற்றி, பலகையைத் திருப்பி மாட்டினார். எழுத்து மயில் பக்கம் போயிற்று. எங்கள் பக்கம் வெறும் வெள்ளைத் தகரம்.

“போதுங்களா?”

“போதாதுங்க. எழுதறதுக்கு ஏதாச்சும் குடுங்க.”

பாக்கெட்டிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து நீட்டினார். எழுதினேன்: ‘இந்த மயிலை லாரி அடித்தது. சோமனூர் விவசாயி ஒருத்தி தூக்கிக் கொடுத்தாள். இதன் சொந்தபந்தமெல்லாம் இன்னும் அவள் சோளக்காட்டில்தான் மேய்கின்றன.’

“கடைசி வரி மட்டும் வேணாங்கம்மா.”

“முதல் ரெண்டும் நிசம்னா அதுவும் நிசந்தானுங்க.”

அவர் பேனாவை வாங்கி மூடினார். அழிக்கவில்லை.

இரண்டேகாலுக்குக் கிளம்பினேன். இங்கே ஒரு மயிலைப் பார்க்க முப்பது ரூபாய் கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் ஊரில் கூட்டம் கூட்டமாக நிற்கிறது, ஏனென்று கேட்க ஆளில்லை. தகரத்தைத் தட்டி நான் விரட்டத்தான் போகிறேன். அதில் ஒன்று அடிபட்டு விழுந்தால் மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டு உட்காரத்தான் போகிறேன். இதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் சோமனூர் வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். காபி கொடுத்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.