எல்லாம் நெறஞ்சிருக்குதுங்க

அத்தை அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. மதராஸிலிருந்து கோயமுத்தூருக்குத் திரும்பும் பகல் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். எதிரில் அப்பா, பக்கத்தில் நான். அத்தை சீமையில் இருக்கும் தன் மகனிடம் போய்ச் சேர்வதற்கான விசா விசாரணையை முடித்துக்கொண்டு வருகிறோம். உள்ளே என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று நான் நச்சரித்ததில் கடைசியாக வாயைத் திறந்தாள். "உனக்குச் சோறு துணியெல்லாம் தம்பி ஊட்டுல எப்பிடின்னு அந்தத் தொரை கேட்டாரு கண்ணு. இல்லைங்கற வார்த்தைய வாயில எடுக்காமயே சொல்லிப்போட்டேன். எல்லாம் நெறஞ்சிருக்குதுங்கன்னேன். அவரும் தலையாட்டிக்கிட்டே எழுதிக்கிட்டாரு." "ஐயோ அத்தை, அவங்களுக்கு அது புரியாதுங்களே" என்றேன். "நீ வாய மூடு" என்றார் அப்பா. ஒரு கணம் தன் அக்காவையே பார்த்தவர், பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போய் அவளுக்கு வடையும் காப்பியும் வாங்கி வந்தார். தம்பி கையால் வாங்கித் தின்று எத்தனை வருஷமாயிற்றோ, அவள் அந்த வடையைப் பிட்டு எனக்கும் பாதி கொடுத்தாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். வாளையாருக்குத் தெற்கே, மாநிலம் கேரளமானாலும் பேச்சும் சாப்பாடும் கோயமுத்தூராகவே இருக்கிற ஊர் எங்களுடையது. அங்கே அரிசிப் பானை காலியானால் அரிசி இல்லை என்று எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். வீட்டுப் பெண் இல்லை என்று சொன்னால் அந்தச் சொல் வீட்டிலேயே குடியேறிவிடும் என்று பயம். அரிசி நிறைந்திருக்கிறது என்பாள். கேட்பவருக்கும் விஷயம் தெரியும். கடைக்குப் போய் "உப்பு நெறஞ்சிருக்குதுங்க" என்றால், கடைக்காரர் மறுபேச்சில்லாமல் உப்பைப் பொட்டலம் கட்டுவார். அத்தை அந்த வெள்ளைக்காரரிடம் சொன்னதன் அர்த்தம், எனக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்பதுதான். பிறந்த வீட்டு மானத்தையும் காப்பாற்றி, உண்மையையும் சொல்லிவிட்டதாக அவளுக்குச் சந்தோஷம். நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் பட்டணத்துக்காரர். அவர் வீட்டில் உப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். கேட்டதைக் கேட்டபடி இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமான கொஞ்ச வருஷத்திலேயே தாலியறுத்து, கைக்குழந்தையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து மாட்டுக் கொட்டிலும் அடுப்படியும் அவள் பொறுப்பு. கடலைக் காட்டில் ஆள் குறைந்தால் அங்கேயும் போவாள். ஆளுக்குக் கூலி உண்டு, அவளுக்கு இல்லை. "உக்கார வெச்சுச் சோறு போடறேன்" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதுதான் அவள் சோறு. என் அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை, பாலையும் எண்ணெயையும் பூட்டுப் போட்ட அலமாரியில் வைத்தவள். அத்தை மகன் படிப்பில் கெட்டிக்காரர். கோயமுத்தூர் மில்லில் வேலை பழகி, அங்கிருந்து யாரோ கைகாட்டச் சீமைக்குப் போய், அங்கேயும் ஒரு நூல் ஆலையில் சேர்ந்து குடும்பமாகிவிட்டார். மாதம் தவறாமல் தன் அம்மாவுக்குப் பணம் அனுப்புவார். அதைத் தபால்காரரிடம் அப்பாதான் வாங்குவார். எங்கள் வீட்டு மாடுகள் பெருகின.

அவர் தன் அம்மாவை அழைத்துக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் இரண்டு பக்கமும் கேட்டது. தன் சம்பளத்திலேயே, சர்க்காரிடம் கையேந்தாமல், பெண்டாட்டி பிள்ளைகளோடு அம்மாவையும் காப்பாற்ற முடியும் என்று மகன் காட்ட வேண்டும். அவன் காசை நம்பித்தான் உயிரோடு இருக்கிறேன் என்று அம்மா காட்ட வேண்டும். மகன் தன் பங்கைச் செய்துவிட்டார். இரவு ஷிப்ட், ஞாயிறு ஷிப்ட் என்று ஓடி, இன்னோர் அறை உள்ள வீட்டுக்கு மாறி, எல்லாவற்றுக்கும் அத்தாட்சி வைத்தார். கேட்ட கேள்விக்கு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது மட்டும்தான் இவள் பாக்கி. அதைத்தான் இவள் நிறைத்துவிட்டு வந்தாள்.

தம்பி வீட்டில் இந்த அம்மாள் ஒரு குறையும் இல்லாமல் வாழ்கிறாள், மகன் அனுப்புவது மேல்செலவுக்குத்தான் என்று பதில் வந்தது. நான்தான் அவளுக்குப் படித்துச் சொன்னேன். எங்கே தவறிற்று என்பதை அவள் புரிந்துகொள்ள நேரமாயிற்று. புரிந்ததும் மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டாள். அப்பாவுக்கோ அது தீராத விருந்து. அன்றிலிருந்து அவள் எது கேட்டாலும் அதே பதில்தான். தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் என்றால், "உனக்குத்தான் எல்லாம் நெறஞ்சிருக்குதே அக்கா" என்பார். பொங்கல் சமயத்தில், சேலை கிழிந்துவிட்டது என்றால், "தொரைகிட்டயே சொல்லியாச்சு, நெறஞ்சிருக்குதுன்னு. பொய்யாப் போயிருமில்ல?" என்பார். சொந்தக்காரர்கள், மாட்டுத் தரகர், ரேஷன் கடைக்காரர் என்று எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். அவளை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டே சொல்லுவார். அவளும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

நான் அத்தை மகனுக்கு நடந்ததை எழுதினேன். அவர் அங்கே வக்கீலைப் பார்த்தார். ஊர் வழக்கமெல்லாம் அங்கே எடுபடாது, அம்மா தம்பி வீட்டை விட்டுத் தனியாக வந்து மகன் காசில் மட்டுமே வாழ்ந்து காட்டட்டும், பிறகு மறுபடியும் மனு போடலாம் என்று அந்த வக்கீல் சொன்னாராம். அத்தைக்கு அன்று வந்த தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. செக்போஸ்ட்டுக்கு அருகே, லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டோரத்தில், ஓடு வேய்ந்த ஓர் அறையை வாடகைக்கு எடுத்தாள். எங்கள் ரேஷன் கார்டிலிருந்து பெயரை வெட்டிக்கொண்டு தனிக் கார்டு வாங்கினாள். அவள் துணி மூட்டையோடு படியிறங்கிய அன்றைக்கு, அப்பா கிணற்றடிக்குப் போய், நடுப்பகலில், பண்ணையாட்கள் பார்க்க, தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளித்தார். எழவு விழுந்தால் குளிக்கிற குளியல். ஈரத் துணியோடு வாசலுக்கு வந்து, "எங்கக்கா இன்னிக்குச் செத்துப் போச்சு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அவள் ரோட்டு முனை திரும்பியிருக்கவில்லை. கேட்டிருப்பாள்.

அந்த அறையில் உட்கார்ந்து நான் அவளுக்கு இல்லை என்று சொல்லப் பழக்கினேன். நான்தான் துரை. கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேட்பேன். "உங்களுக்கு யார் சோறு போடறாங்க?" "என்ற பையந்தானுங்க." "தம்பி?" "தம்பியும் முன்னெல்லாம் நல்லாத்தானுங்க..." "போச்சு! சீமை போச்சு! திரும்பச் சொல்லுங்க." "தம்பி ஊட்டுல இருந்து... கொஞ்சங் கொறச்சலாட்டம்..." "கொறச்சல் இல்லீங்க அத்தை, இல்லவே இல்லைன்னு சொல்லோணும்." அவள் வாயைத் திறப்பாள், உதடு குவியும், சத்தம் வராது. ஒருநாள் சலித்துப்போய், "ஏங்கண்ணு, அவங்க பாசையில இதுக்கு வேற நல்ல வார்த்த கிடையாதா?" என்றாள். சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் அந்த அறையில்தான் நாங்கள் இருவரும் அதிகம் சிரித்திருக்கிறோம்.

இரண்டாவது தடவை விசாரணைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா தடுத்தார், நான் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அத்தைக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. "சொல்லிப்போட்டேன். சோறு இல்லீன்னேன், துணி இல்லீன்னேன். தம்பி எங்கன்னு கேட்டாங்க. எனக்குத் தம்பியே இல்லீன்னும் சொல்லிப்போட்டேன்." பக்கத்துக் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள். திரும்பும் வண்டியில் அவள் ஒன்றும் தின்னவில்லை.

அவள் சொன்னதை அவர்கள் அப்படியே ஒப்புக்கொண்டார்கள். இந்த அம்மாளுக்கு மகனை விட்டால் வேறு கதியில்லை என்பது சரிதான் என்று பதிலில் எழுதியிருந்தார்கள். ஆனால் அதே சமயத்தில் மகன் வேலை செய்த ஆலையில் ஆட்குறைப்பு. அவருடைய மேல் ஷிப்ட்டுகள் எல்லாம் போய்விட்டன. இடையில் இன்னொரு குழந்தையும் பிறந்திருந்தது. அது போதாதென்று, அம்மா தன்னை நம்பித்தான் இருக்கிறாள் என்று காட்ட அந்தத் தனி அறைக்கும் தனி அடுப்புக்கும் அவர் கூட்டி அனுப்பிய பணமே அவர் கையிருப்பைத் தின்றிருந்தது. மகனுக்கு இன்னொருவரைக் காப்பாற்றும் வருமானம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அம்மா வசதியானவள் என்று முதலில் தள்ளினார்கள், மகன் ஏழை என்று பிறகு தள்ளினார்கள். இதில் யாரைப் போய்த் திட்டுவது? நான் திட்டினேன். கடவுளில் ஆரம்பித்து ஒருவரையும் விடவில்லை.

மகனால் பிறகு முன்போல் அனுப்ப முடியவில்லை. வாடகைக்கே இழுபறி ஆனதும் அத்தை ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவளை நேராகப் பார்த்தார். பிறகு பண்ணையாளைக் கூப்பிட்டு, "வாசல்ல ஆரோ நிக்கறாங்களாட்டம் இருக்குது. வேலை கேட்டு வந்தவங்கன்னா காட்டுக்குப் போகச் சொல்லு" என்றார். அத்தை காட்டுக்குப் போனாள். தன் அப்பன் விட்டுப்போன அதே கடலைக் காட்டில், மற்றக் கூலிப் பெண்களோடு வரிசையில் குனிந்து காய் பறித்தாள். சனிக்கிழமை மேஸ்திரியிடம் கைநீட்டிக் கூலி வாங்கினாள். அப்பா வரப்பில் குடை பிடித்து நின்று பார்ப்பார். அப்போது நான் கல்யாணமாகிப் பொள்ளாச்சிப் பக்கம் போயிருந்தேன். என்னோடு வந்துவிடுங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன். "கட்டிக் குடுத்த ஊட்டுல போயி உக்காந்து தின்னா உன்னையத்தான் பேசுவாங்க கண்ணு" என்று மறுத்துவிட்டாள். அந்த மனுஷிக்கு மானம் மட்டும் எங்கிருந்துதான் அவ்வளவு சுரந்ததோ, அதுதான் அவளைக் கொன்றது என்பேன்.

மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். அந்த அறை வாசலிலேயே கிடத்தியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வர வேண்டும். கோடி என்பார்கள். உடன்பிறந்தவன் கொண்டு வந்து போர்த்திய பிறகுதான் பிணத்தை எடுப்பது. அவன் எவ்வளவு பகையாளியானாலும் அன்றைக்கு வந்துவிடுவான். ஊர்ப் பெரியவர்கள் அப்பாவிடம் ஆள் அனுப்பினார்கள். வரவில்லை. நானே போனேன். கெஞ்ச வேண்டாம் என்று எண்ணிக்கொண்டுதான் போனேன், அவர் முகத்தைப் பார்த்ததும் கெஞ்சிவிட்டேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "எங்கக்காவுக்கு நான் எப்பவோ தலை முழுகியாச்சு. தலை முழுகுன பொறகு கோடி எடுக்கற வழக்கம் எங்கீங்க அம்மிணி இருக்குது?" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ரோட்டோர ஜவுளிக் கடையில் நானே ஒரு சேலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பொம்பளை கொண்டு வந்தால் கோடியாகாது என்று ஒருவர் சொன்னார். பொழுது சாய்கிறது, என்ன செய்வது என்றார் இன்னொருவர். சேலையைக் கால்மாட்டில் வைத்துவிட்டுத் தூக்கினார்கள்.

அத்தை மகன் வந்து சேர்ந்தபோது சாம்பலைக் கரைத்தாகிவிட்டது. அம்மாவுக்குக் கோடி வந்ததா என்றுதான் முதலில் கேட்டார். வந்தது, அப்பாதான் போட்டார் என்று சொன்னேன். அந்த மனிதரிடம் வேறு என்ன சொல்ல முடியும்? அப்பாவும் செத்து எத்தனையோ காலமாகிறது. அவருக்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல்நெஞ்சுக்காரி என்றார்கள், இருக்கட்டும். ஆனால் சீமையில் ஒருவரிடம் அவருக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். அத்தை மகனுக்கு இப்போது பேரன் பேத்திகள் இருக்கிறார்கள், அங்கே சொந்தமாக இரண்டு வீடுகள் இருக்கின்றன. அம்மாவின் திதியன்று தவறாமல் போன் செய்வார். போன தடவையும் பேசினார். "மாமாவச் சொல்லிக் குத்தமில்ல அம்மிணி, பொறந்தவனா நின்னு கடைசியில கோடி போட்டுட்டாரு" என்றார். பிறகு, "நான்தான் இன்னுங் கொஞ்சம் சம்பாரிச்சிருக்கோணும்" என்றார்.